சாய்மானம்

காலை ஐந்து நாற்பதுக்கு மேகலாவின் வலது மெட்டி சிவந்தது.

அவள் அப்போது கணவர் ரகுபதியைக் கட்டிலிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் அவருடைய கால்களைத் தரைக்கு இறக்குவாள். பிறகு தன் வலது தோளை அவர் அக்குளுக்குக் கீழே கொடுப்பாள். "வாங்க மாமா" என்பாள். அவர் சாய்வார். அவள் நிமிர்வாள். இரண்டு உடம்புகளும் ஒன்றாக எழும்.

"என்ன புள்ள அது, காலுல லைட் எரியுது?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. நேராப் பாருங்க."

அது அறிமெட்டி. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று செய்தது. பார்வைக்கு வெள்ளி மெட்டிதான். உள்ளே அரிசியைவிடச் சிறியதாக ஒன்று இருந்துகொண்டு, ஒவ்வொரு அடியிலும் எடை எப்படி இறங்குகிறது, விரல் எவ்வளவு உந்துகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வயதானால் எலும்பும் தசையும் சேர்ந்தே கரைகின்றன. அது ஆளுக்குத் தெரிவதற்கு வெகுநாள் முன்பே நடைக்குத் தெரிந்துவிடும். கடிகாரமாகச் செய்தால் பெண்கள் கழற்றிவைத்துவிடுவார்கள். மெட்டியைக் கழற்ற மாட்டார்கள். அதனால் மெட்டி. ஆண்களுக்கென்று கட்டைவிரல் வளையம் ஒன்று வந்தது. யாரும் போடவில்லை. ரகுபதியின் வளையம் டப்பா பிரிக்காமல் பீரோவில் கிடந்தது.

பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் சில வாரங்களில் சரிவு. சிவந்தவர்களைத் ‘தாங்கி’ என்ற முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது காப்பீட்டு விதி. அங்கே எல்லோரும் சக்கர நாற்காலியிலேயே போவார்கள், வருவார்கள். அங்கே யாரும் விழுந்ததில்லை. யாரும் நடந்ததும் இல்லை.

மேகலாவுக்கு எழுபத்து நான்கு வயது. பெருந்துறையில் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். சிவப்பைப் பார்த்து அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல் வந்தது.

சேலத்திலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, பாத்தியா?"

"பாத்தேன் கண்ணு."

"மொதல்ல உக்காரு. நின்னுட்டே பேசாத."

"உக்கார முடியாது. உங்கப்பா என்ற தோள்மேல இருக்காரு."

"சாயங்காலம் இல்லத்து வண்டி வருதாம், அம்மா. நான் இப்பவே கெளம்பறேன். அப்பாவுக்கு ஒரு ஆள் போட்டுக்கலாம்."

"மூணு ஆள் போட்டுப் பாத்தாச்சு. அவங்க கையப் புடிச்சா உங்கப்பா எந்திரிக்கமாட்டாரு, வர்ஷினி. நான் அங்க போயிட்டா இவரு கட்டிலோட சரி."

"நீ விழுந்துட்டா?"

"நான் விழமாட்டேன்."

"மெட்டி சொல்லுது."

"மெட்டிக்கு என்ற காலைத்தான் தெரியும். என்னைத் தெரியாது." சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "வா. டாக்டரம்மாகிட்ட போலாம். அவங்களும் அதையே சொன்னா நானே போயி வண்டியில உக்காந்துக்கறேன்."

அன்றும் வாய்க்கால் கரைக்குப் போனார்கள். தினமும் காலையில் காலிங்கராயன் வாய்க்காலோரம் முபாரக்கின் டீக்கடைவரை நடப்பது வழக்கம். நடந்தது மேகலா. ரகுபதி அவள்மேல் சாய்ந்து வந்தார்.

அவர் சத்தியமங்கலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திம்பம் மலையின் வளைவுகளில்கூடக் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர் என்று பேர். வர்ஷினி வாங்கி அனுப்பிய கைத்தடியைத் தொடவே இல்லை. "கம்பியே புடிக்காதவன் குச்சியப் புடிக்கறதா?" என்றார். பெண்டாட்டி தோள் அவருக்குக் குச்சி இல்லை. ஆரம்பத்தில் தோள்மேல் கைதான் இருந்தது. பிறகு முழங்கை வந்தது. இப்போது பாதி உடம்பு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை.

"கண்டக்டரே, இன்னிக்கும் டபுள்ஸா?" என்று முபாரக் டீயை நீட்டினார்.

"சீசன் பாஸுப்பா. கல்யாணத்தன்னைக்கு எடுத்தது."

"அக்கா, ரினீவல் பண்ணாதீங்க. தூங்குமூஞ்சிப் பிரயாணியா இருக்காரு."

மேகலா சிரித்தாள். சிரித்தபோது தோள் குலுங்கியது. ரகுபதியின் டீ சட்டையில் சிந்தியது.

டாக்டர் ரெஹானா முதியோர் மருத்துவர். நாற்பது வயதிருக்கும். மேகலாவை மேடைமேல் நிற்கவைத்து ஸ்கேன் எடுத்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி ஏறச் சொன்னார். மறுபடியும் பார்த்தார்.

"என்னங்க டாக்டர்?" என்றாள் வர்ஷினி.

"எலும்பு நல்லா இருக்கு. அம்பத்தஞ்சு வயசுக்காரங்க எலும்பு மாதிரி. வலது பக்கம் அதைவிட நல்லா இருக்கு. தசையும் அப்படியேதான்."

"நாஞ் சொல்லல?" என்றாள் மேகலா.

"அப்ப மெட்டி தப்புங்களா?"

"அதுதாங்க பிரச்சினை. மெட்டி தப்பே பண்றதில்லை. சிவந்ததுன்னா, கொஞ்ச வாரத்துல நின்னுருது."

"நின்னுருதுன்னா?"

"சிக்னல் வராது. நடை இல்லைன்னு அர்த்தம். படுத்துட்டாங்க. இல்லைன்னா..."

"செத்துட்டாங்க" என்றாள் மேகலா.

"கம்பெனி அப்படித்தான் எடுத்துக்குது. எத்தனையோ வருசமா வந்த சிக்னலை வச்சுத்தான் இதுக்குக் கத்துக்குடுத்தாங்க. யாரு மெட்டி நின்னுதோ, அவங்க கடைசி நாள்ல எப்படி நடந்தாங்கன்னு பாத்து, அதே மாதிரி யாரு நடந்தாலும் சிவக்கும்."

"நின்னவங்க வீட்டுக்கு ஆரும் போயிப் பாத்தாங்களா?"

"லட்சக்கணக்கான பேரும்மா. எப்படிப் போறது?"

மேகலா தன் காலைப் பார்த்தாள். பிறகு மகளின் காலைப் பார்த்தாள். வர்ஷினி மெட்டி போட்டதில்லை. டாக்டர் காலிலும் மெட்டி இல்லை.

"மெட்டியை எப்பக் கழட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

டாக்டரின் கை திரைமேல் நின்றது.

"என்ற அக்கா அன்னைக்கு ஆசுபத்திரி பாத்ரூமுலயே கழட்டிப் பர்ஸுல போட்டுக்கிட்டா. அவ வீட்டுக்காரரு மூச்சு நின்னு பத்து நிமிசம் இருக்கும். ஆரும் சொல்லல. அவளாத்தான் கழட்டினா. இப்பவும் நல்லாத்தான் இருக்கா. தெனம் போன்ல என்னோட சண்டை போடறா."

கம்பெனியில் அதைச் செய்தவர்களுக்கும் அம்மாக்கள் இருந்திருப்பார்கள். அம்மா எப்போது மெட்டியைக் கழற்றுவாள் என்று தெரியாதவர் ஒருவரும் அங்கே இருந்திருக்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் யாரும் அதைச் சொல்லவில்லை. இயந்திரத்துக்கு மட்டும் தெரியாது.

டாக்டர் ஒரு எண்ணை அழுத்தினார். பவானியில் சரோஜினி என்று ஒரு அம்மா. போன வருடம் மெட்டி சிவந்தும் இல்லத்துக்குப் போக மறுத்தவர் என்று சொல்லிக்கொண்டே போனை மேசைமேல் வைத்தார். எல்லோருக்கும் கேட்டது.

"நல்லா இருக்கீங்களாம்மா? டாக்டர் ரெஹானா பேசறேன்."

"இருக்கறனுங்க சாமி. இப்பத்தான் காட்டுல இருந்து வந்தேன். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துட்டு."

"மெட்டி சிவந்துச்சே, இப்பப் போட்டிருக்கீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது.

"அதெப்படிங்க போடறது? அந்த ஐப்பசியிலயே அவரு போயிட்டாருங்களே."

"எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சுக்கோங்க." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அவரு எப்படி நடப்பாரு?"

"அவரெங்கீங்க நடந்தாரு? கடைசி ஒரு வருசம் நாந்தானே சொமந்தேன்."

போனை வைத்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரகுபதி பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருக்கும்போதும் இடது பக்கம் சாய்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவர் நாசூக்காகத் தள்ளித் தள்ளி பெஞ்சின் ஓரத்துக்கு வந்துவிட்டார்.

"உங்க நடையில ரெண்டு பேரு இருக்கீங்க" என்றார் டாக்டர். "அவரு எடை உங்க கால் வழியா எறங்குது. அது கூடிட்டே போகுது. மெட்டி அதைத்தான் பாக்குது. அது சொன்னது சரி. ஆளுதான் வேற."

வர்ஷினி எழுந்துவிட்டாள். "அப்பாவுக்கா?"

துணைக்கு வந்தவருக்கும் பார்க்கிறோம் என்று சொல்லி ரகுபதியை உள்ளே அழைத்தார்கள். மேடையில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "எனக்கெதுக்கும்மா? சிவந்தது அவளுக்குத்தானே?" என்று அவர் சிரித்தார். படம் வந்தது. டாக்டர் அதை அவர் பக்கம் திருப்பவில்லை. அவரை மறுபடி வெளியே உட்காரவைத்துவிட்டு வந்து, மேகலாவிடம் மெதுவாகப் பேசினார்.

"தசை இழுத்தாத்தான் எலும்பு கெட்டியாகும். எலும்பு தாங்கினாத்தான் தசை நிக்கும். எடை வரலைன்னா ரெண்டும் சேர்ந்தே கரைஞ்சுரும். அவரு எடை அவரு காலுக்குப் போகவே இல்லை. உங்களுக்குப் போச்சு. உங்களுக்கு ஏறினது அவருக்கு எறங்கினது."

"நாந்தான் கரைச்சேங்கறீங்களா?"

"நீங்க இல்லைன்னா அவரு எப்பவோ படுத்திருப்பாரு."

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்லைங்க."

டாக்டர் அவளை நேராகப் பார்த்தார். "ஆமாம்மா. பாதி அப்படித்தான்."

மேகலா தலையை ஆட்டினாள். முப்பது வருடம் பெண்பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டவள். மூச்சு வாங்கியவளைக்கூடக் கை கொடுத்துத் தூக்காதவள். எழுந்திரு, நீயே எழுந்திரு என்று சொன்னவள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை.

"அவருக்கு ஊசி ரெண்டு தடவை போட்டமே. எலும்பையும் தசையையும் சேர்த்து எழுப்புமுன்னு சொன்னீங்களே."

"எடை ஏறினாத்தான் ஊசி வேலை செய்யும். தாங்காத எலும்புக்கு அது சும்மா தண்ணிதான். இன்னொரு தடவை போடலாம். ஆனா இந்தத் தடவை அவரு எடையை அவரு சொமக்கணும்."

"விழுந்தாருன்னா?" என்றாள் வர்ஷினி.

"இடுப்பு முறியும். முறிஞ்சா எந்திரிக்கறது கஷ்டம்."

"விழாம நாங்க புடிச்சுட்டே இருந்தா?"

"அப்பவும் எந்திரிக்கமாட்டாரு. மெட்டி சொன்ன அந்தக் கொஞ்ச வாரத்துலயே படுத்துருவாரு."

டாக்டர் ஒரு அகலமான துணி பெல்ட்டை எடுத்துக் காட்டினார். இடுப்பில் கட்டி, பின்னால் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். தோள் கொடுக்கக் கூடாது. முன்னால் நிற்கக் கூடாது. வீட்டுக்குள் பழகிய பிறகுதான் வெளியே.

மேகலா பெல்ட்டை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்தவள் உடனே போகவில்லை.

"அந்த இல்லத்துல நாற்காலியில உக்காந்திருக்கற பொம்பளைங்க. அவங்கள்ல எத்தனை பேருக்கு என்ற மாதிரி எலும்போ?"

"பாக்கணும்மா."

"அவங்க வீட்டுக்காரங்க இப்ப ஆரு தோளுல சாஞ்சுக்கறாங்க?"

டாக்டர் போனை எடுத்துக் கோயம்புத்தூர்க் கம்பெனிக்குப் போட்டார். மேகலா கதவைச் சாத்தும்போது, "நான் காத்திருக்கேன், அவரையே கூப்பிடுங்க" என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது.

தாழ்வாரத்தில் வர்ஷினி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பாகிட்ட சொல்லணும்."

"எதை?"

"உனக்குத் தெரியாதா எதைன்னு? அப்புறம், அந்த மெட்டியைக் கழட்டிராத. அதைப் பாத்துட்டு இருந்தா அப்பாவுக்கு இன்னும் எவ்வளவு நாளுன்னு தெரியும்."

"தெரிஞ்சு?"

"தயாரா இருக்கலாம்."

"தயாராகறதுக்கு அதென்ன கல்யாணமா?"

"வெளையாடாதம்மா."

"வெளையாடல சாமி. அவரு விழுந்துருவாருன்னு நெனைச்சுட்டே நடந்தா நான் புடிச்சுட்டேதான் இருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். நான் புடிச்சுட்டே இருந்தா அவரு போயிருவாரு. அவருக்குத் தெரிஞ்சா இன்னும் மோசம். பயத்துல இன்னும் சாய்வாரு."

"நம்மளா அவரைக் கீழ விடறதாம்மா?"

"கீழ விடல. அவரு காலுல விடறேன்."

சாயங்காலம் இல்லத்து வண்டி வந்தது. நாற்காலியோடு இறங்கிய ஓட்டுநரிடம் மேகலா, இல்லம் தேவையில்லை என்று டாக்டர் எழுதிய சீட்டைக் கொடுத்தாள். "இதுவரைக்கும் இப்படி ஒருத்தரும் சீட்டுக் குடுத்ததில்லீங்களே" என்றார் அவர். "இனி நெறையப் பேரு குடுப்பாங்க" என்று அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து, சோப்புத் தண்ணீர் விட்டு, இரண்டு மெட்டிகளையும் கழற்றினாள். விரல்களில் வெளுத்த வளையம் இருந்தது. ரகுபதி கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் இருக்கறப்பவேவா? அவ்வளவு அவசரமா புள்ள?"

வர்ஷினி சமையலறைக்குள் போய்விட்டாள்.

"நீங்க இருக்கறதுனாலதான் மாமா."

"கம்பெனிக்காரன் கேட்டா என்ன சொல்றது?"

"செத்துட்டேன்னு சொல்லுங்க."

"சந்தோசமாச் சொல்றேன்" என்றார்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை போய்விட்டது. ஊசி போட்டாயிற்று. பெல்ட் கட்டியாயிற்று. அவர் கையை நீட்டினார். தோள் வரவில்லை.

"எங்க?"

"பின்னால இருக்கேன். எந்திரிங்க."

"தோளைக் குடு."

"தோளு லீவு. எந்திரிங்க."

அது அவளுடைய மைதானத்துக் குரல். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அதை வீட்டுக்குள் கேட்டதில்லை. அன்று எழவில்லை. அடுத்த நாளும் எழவில்லை. மூன்றாவது நாள் கோபத்தில் எழுந்தார். எழுந்து நின்று, கட்டிலருகே இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டை பஸ்ஸின் டிரைவரைக்கூடத் திட்டாத வார்த்தைகளில் அவளைத் திட்டினார். திட்டி முடிக்கும்வரை நின்றார். அவள் குறுக்கே பேசவில்லை.

ஒரு நாள் நடுக்கூடத்தில் முழங்கால் மடங்கியது. பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே அவளும் உட்கார்ந்தாள். இருவரும் தரையில் கிடந்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. "தோளு இருந்திருந்தா இது ஆகுமா?" என்றார். அவள் கறுத்துப்போன முகத்தோடு எழுந்து, கையைக் கொடுக்காமல், நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைப் பிடித்து ஏறுவதற்குள் குக்கர் இரண்டு விசில் விட்டது. அன்று சாப்பாட்டில் அவர் அவளோடு பேசவில்லை. இன்னொரு கரண்டி சோறு மட்டும் கேட்டார்.

அவளுக்கும் ஒன்று நேர்ந்தது. தனியாக நடந்தால் வலது பக்கம் இழுத்தது. யாரும் இல்லாத இடத்துக்குத் தோள் தானாகவே இறங்கிக்கொடுத்தது. இத்தனை வருடம் அவருடைய எடைக்கென்று வளர்ந்த உடம்பு அது. டாக்டரிடம் சொன்னபோது, "உங்களுக்கும் எடை வேணும்மா, இல்லைன்னா இப்ப நீங்க கரைய ஆரம்பிப்பீங்க" என்றார். அதனால் தினமும் ஒரு சிறிய அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினாள். ஒரு நாள் வலது தோள், ஒரு நாள் இடது தோள்.

ரகுபதி வாசற்படியில் நின்று பார்த்தார்.

"எனக்குப் பதிலா அரிசி மூட்டையா?"

"அது வாயப் பேசாது மாமா."

"பொன்னி அரிசியா?"

"ரேஷன் அரிசி."

"அவமானம்" என்றார். அவர் நின்றுகொண்டிருந்தார் என்பதும், கதவு நிலையைப் பிடிக்கவில்லை என்பதும் அவள் மூட்டையை இறக்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வர்ஷினி வந்தாள். மெட்டி சொன்ன வாரங்கள் முடிந்தன என்று அவளுக்குத் தெரியும். அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒன்றும் கவனிக்காததுபோல் பீன்ஸ் நறுக்கினாள். மறுபடி எடுத்த ஸ்கேனில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் கரைவது நின்றிருந்தது. "இது போதும், இங்க இருந்து ஏத்திரலாம்" என்றார் டாக்டர். "இன்னமும் விழலாம். அதை மறந்துராதீங்க." கோயம்புத்தூரில் ஒத்துக்கொள்ளவில்லை என்றும், ஆனாலும் இல்லத்திலிருந்து ஐம்பது பேரை ஸ்கேனுக்கு அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். முதல் ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஆறில் நான்கு பேர் நாற்காலியிலிருந்து தாங்களே எழுந்து மேடையில் ஏறினார்களாம். இருவர் திரும்பி இல்லத்துக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு ஆட்டோ பிடித்தார்களாம்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் வாய்க்கால் கரைக்குப் போனார்கள். அறுவடை முடிந்த வயலில் கொக்குகள் நின்றன. மேகலா பின்னால் வந்தாள். பெல்ட் அவள் வலது கையில் இருந்தது. அவர் நடை அழகாக இல்லை. கால் அகன்று விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு யோசனை இருந்தது. ஆனால் எடை முழுதும் அவர் காலிலேயே இறங்கியது. செருப்பு மண்ணில் பதியும் ஆழத்திலேயே அது தெரிந்தது.

அவர் பேசிக்கொண்டே போனார். தாளவாடியில் ஒரு முறை பஸ்ஸில் ஏறிய ஆடு, அதற்கு இவர் டிக்கெட் கேட்டது, ஆட்டுக்காரர் அதற்கு அரை டிக்கெட்தான் என்று அடம் பிடித்தது. அவளுக்கு மனப்பாடமான கதை. எந்த இடத்தில் சிரிக்க வேண்டுமோ அந்த இடத்தில் சிரித்தாள்.

பெல்ட் தளர்வாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரமாகவே அதில் இழுப்பு இல்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரலைப் பிரிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு கையை எடுத்துவிட்டாள்.

நின்றுவிட்டாள். அவர் நிற்கவில்லை.

டீக்கடையில் முபாரக் பார்த்துவிட்டார். கையிலிருந்த பாய்லர் மூடியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

ரகுபதிக்கும் அவளுக்கும் நடுவே கரை நீண்டது. இப்போது ஓடினாலும் எட்டாது. ஆடு பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டது. கதை முடிந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை; திரும்பிப் பார்க்க இன்னும் பழகியிருக்கவில்லை. அடுத்த அடியை வைத்துக்கொண்டே கேட்டார்.

"மேகலா, புடிச்சிருக்கற இல்ல?"